உட்கார்ந்த இடத்தில் ஒன்பதாயிரம் அடி

என் உடம்பைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. அந்த வேலையை என் மனைவி பார்த்துக்கொண்டாள். எழுந்திரு, நாலு எட்டு நட, உன் வயிறு முதலில் வீட்டுக்குள் வருகிறது, நீ பின்னால் வருகிறாய் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபேன் சத்தம் மாதிரி அது எனக்குப் பழகிப்போயிருந்தது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு துறைமுகத்தில் எனக்குக் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிற வேலை. ஆறு மாடி உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கேபின். அதில் உட்கார்ந்து, கைக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. கீழே அலைகிறவர்களெல்லாம் எறும்பு, நான் ஒருவன்தான் மனிதன் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஏணியில் இறங்கி ஏறச் சோம்பல்பட்டு சாப்பாட்டையும் மேலேயே கொண்டுபோய்விடுவேன். சீட்டில் போட்டுக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு குஷன்கூட வைத்திருந்தேன்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை உண்டு. போன வருஷம் டாக்டர் என் பிரஷரை இரண்டு தடவை பார்த்தார். சர்க்கரை ரிப்போர்ட்டையும் இரண்டு தடவை பார்த்தார். எல்லாம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, மூன்று மாதம் தருகிறேன், தினமும் நடந்து இதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், குறையாவிட்டால் உயரத்தில் வேலை செய்ய எழுதித் தர மாட்டேன் என்றார். எழுதித் தராவிட்டால் கீழே டாலி வேலை. அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போய் நம்பர் சரிபார்க்கிற வேலை. அதாவது, எறும்பு வேலை. பயத்தில் அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் என் மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தாள். அப்போதுதான் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நடந்தால் அடி எண்ணும், நாடித்துடிப்பு சொல்லும், எவ்வளவு கொழுப்பு எரிந்தது என்றும் சொல்லும் என்று இடது கையில் கட்டிவிட்டாள். மறுநாள் காலை தண்டையார்பேட்டையிலிருந்து கடற்கரை ரோட்டில் நடக்கக் கிளம்பினேன். அங்கே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். பாதி டிரைவர்களை எனக்குத் தெரியும். முதல் வண்டிக்காரரிடம் ஒரு டீ, நாலாவது வண்டிக்காரரிடம் ஒரு டீயும் பஜ்ஜியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் அடி. பத்தாயிரம் வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். இந்த வேகத்தில் போனால் ஒரு நாளைக்குப் பத்து டீ ஆகும் என்று கவலையாக இருந்தது.

அந்தக் கவலை நாலு நாள்தான். ஐந்தாம் நாள் வேலையில் இருந்தபோது மணிக்கட்டு அதிர்ந்தது. பார்த்தால் வாட்ச்சில் மத்தாப்பு வெடிக்கிறது, சபாஷ், இலக்கை நெருங்கிவிட்டீர்கள் என்கிறது. ஒன்பதாயிரம் அடி. காலையில் ஏணி ஏறியதிலிருந்து நான் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். என் மதி எங்கேயும் போகவில்லை, கூடவே உட்கார்ந்து நெய்யை வழித்துக்கொண்டிருந்தது. கிரேன் ஓட்டுவது சும்மா இல்லை, இரண்டு கையும் ஓயாமல் ஆடுகின்றன, கால் பெடலை மிதிக்கிறது, குனிந்த முதுகுக்கும் வேலை இருக்கிறது, ஆக மொத்தம் இது முழு உடம்புக்குமான பயிற்சி என்று ஒரு விளக்கத்தை நானே தயாரித்தேன். ஷிப்ட் மாற்ற வந்த கூட்டாளியிடம் அதைச் சொன்னேன். நாமெல்லாம் தெரியாமலே ஓட்டப்பந்தயக்காரர்களாக இருந்திருக்கிறோம் என்று அவனும் மகிழ்ந்தான். அவன் வயிறும் என் அளவுதான்.

மறுநாளிலிருந்து காலை நடையை நிறுத்தினேன். வாட்ச்தான் எரித்துவிடுகிறதே. எரிந்ததை ஈடுகட்ட வேலை முடிந்ததும் அத்தோ கடை. பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸ் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். வாட்ச் ஒன்பதாயிரம் காட்டினால் ஒரு தட்டு அத்தோ, பத்தாயிரம் காட்டினால் கூடவே மசாலா முட்டை. பெரும்பாலும் பத்தாயிரம் காட்டியது.

இரண்டு மாதம் இப்படி ஆரோக்கியமாகப் போனது. பேன்ட்டின் கொக்கி மாட்டாதபோதுகூட, தொடைத் தசை வளர்கிறது என்றேன். மனைவி அதற்குச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காமை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு லீவு நாள் காலையில், நீயும் ஒருநாள் கட்டிப் பார், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்று வாட்ச்சை அவள் இடது கையில் மாட்டிவிட்டேன்.

நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. தண்ணீர் கீழே அடிபம்பில்தான். இடது இடுப்பில் ஒரு குடம், வலது கையில் ஒரு குடம். ஐந்து நடை போய் வந்தாள். பிறகு மளிகைக்குப் போய் இரண்டு கையிலும் பையோடு வந்தாள், துணி துவைத்தாள், மொட்டை மாடிக்கு வாளியைத் தூக்கிப்போய்க் காயப்போட்டாள். பதினொரு மணிக்கு வாட்ச்சைப் பார்த்தேன். அறுநூற்றுச் சில்லறை.

எனக்கு ஒரே சந்தோஷம். அறுநூறு போதாது, இந்த வயதில் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும், என்னைப் பார் என்று நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். பிறகு வாட்ச்சைக் கழற்றி என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நீ குந்திகினே நடந்துகீற. நான் நடந்துகினே குந்திகீறேன். நல்லா கீதுய்யா உன் நாயம்.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மிச்ச இட்லியைத் தள்ளிவைத்துவிட்டு வாட்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் கேபினில் வாட்ச்சைக் கழற்றி, தண்ணீர் பாட்டில் தொங்கவிடுகிற கொக்கியில் மாட்டினேன். கிரேன் முன்னும் பின்னும் போய்ப் பெட்டிகளைத் தூக்கி வைத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் வாட்ச் ஆடியது. டீ நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். கொக்கியில் தொங்கியபடியே மூவாயிரத்துத் தொள்ளாயிரம் அடி நடந்திருந்தது.

இரண்டு மாதமாக நடந்தது கிரேன். அதற்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, அத்தோ தின்றது மட்டும் நான். மனைவியின் கை குடத்தை அணைத்துக்கொண்டு ஆடாமல் இருந்ததால் அவள் ஏறிய படிகள் வாட்ச்சுக்குத் தெரியவில்லை. கை ஆடினால் நடை, ஆடாவிட்டால் ஓய்வு. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. குடங்களை நான் வாங்கிக்கொண்டேன். முதல் நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடித்துடிப்பு நூற்று ஐம்பத்தெட்டு என்றது வாட்ச். அதை நம்பினேன். என் வாய் திறந்து கிடந்ததே அதற்குச் சாட்சி. அந்த எண் குறைகிறதா என்று தினமும் பார்த்தேன். மூன்றாவது வாரம் அதே திருப்பத்தில் நிற்காமல் போனேன், நூற்று முப்பத்தெட்டு. வாட்ச் சுத்த உதவாக்கரை என்று அதனால்தான் சொல்ல மாட்டேன். அதனிடம் சரியான கேள்வியைக் கேட்க எனக்குத்தான் இரண்டு மாதம் பிடித்தது.

டாக்டரிடம் போகும்போது வாட்ச் ஒன்பதாயிரம் அடி காட்டியபோதெல்லாம் போனில் பிடித்து வைத்திருந்த படங்களையும் கொண்டுபோனேன். பொய் என்று தெரிந்தும்தான். மூழ்குகிறவன் எதையாவது பிடிப்பான் இல்லையா? அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, படம் நன்றாக இருக்கிறது, ஆனால் ரத்தம் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றார். பிரஷர் அப்படியேதான் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறியிருந்தது. அதில் எத்தனை தட்டு அத்தோ என்பது எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குத் தரை வேலை என்று எழுதிவிட்டார்.

குஷனை எடுக்கக் கடைசியாக ஒருமுறை மேலே ஏறினேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கும்போது அழுகை வந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. கீழே காத்திருந்த கூட்டாளி, ஆறு மாசம் ஓடிப்போகும் மாமு என்றான். அவன் அடுத்த வாரமே கடற்கரை ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டான். என்னால் ஒருவனாவது உருப்பட்டான்.

இப்போது எட்டு மணி நேரமும் நடக்கிறேன். வெயிலில் காய்கிற பெட்டிகளுக்கு நடுவே, நம்பர் அட்டையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக. சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். நேற்று வேலை முடிகிற நேரத்தில் பார்த்தேன், ஆயிரத்து அறுநூறு அடி. அது போதாதென்று மணிக்கு ஒரு தடவை மணிக்கட்டில் அதிர்ந்து, நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். மேலே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது இந்தச் சனியன் ஒரு தடவையாவது எழுந்திரு என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் கேபினில் இருந்திருப்பேன், ஒரே ஒரு தடவை, யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும் என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் சொன்னேன்ல?” என்றாள்.

காலிக் குடங்கள் இரண்டும் கதவோரம் இருந்தன. எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.