பாம் ஷெல்டரில் இரண்டு முக்காலி

எனக்குப் பல்லி என்றால் பயம். லிஃப்ட் பாதியில் நின்றுவிடுமோ என்று பயம். பல் டாக்டரிடம் போகப் பயம். இந்தச் சில்லறைப் பயங்களோடு நிம்மதியாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன். பிறகு தொலைக்காட்சியில் எங்கோ ஒரு நாட்டுப் போரை நாள் முழுக்கக் காட்ட ஆரம்பித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாங்கள் குடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங்குக்கு மேலே பறந்த ஒவ்வொரு விமானமும் எங்கள் அடுக்குமாடி புளோக்கைத் தேடி வந்ததாகவே எனக்குப் பட்டது.

இங்கே புதிதாகக் கட்டிய மற்ற வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும், குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள ஒரு பாம் ஷெல்டர் உண்டு. தடித்த சுவர், இரும்புக் கதவு, சன்னலே இல்லாத சின்ன அறை. பெரும்பாலானோர் அதைச் சாமான் அறையாகத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் மனைவி அதில் கொலுப் படிகளையும் தீபாவளி விளக்குகளையும் அடுக்கியிருந்தாள். போர் வந்தால் பொம்மையா சோறு போடும் என்று கேட்டு, எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தேக்கா சந்தைக்கு நாலு நடை போய் அரிசி மூட்டை, பருப்பு, சார்டின் டின், மெழுகுவத்தி என்று வாங்கிக் கூரைவரை அடுக்கினேன். கடைசியில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கத்தான் இடம் மிஞ்சியது. அதை நான் கவனிக்கவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறவன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

அந்த வாரமே ஒரு மாலை அபாயச் சங்கு ஊதியது. இந்த மாதிரி நேரத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். எனக்குக் கால் நன்றாகவே ஓடியது. ஷெல்டருக்குள் பாய்ந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, இருட்டில் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்து நின்றேன். சங்கு ஓய்ந்த பிறகுதான் மனைவி வெளியே இருக்கிறாள் என்பது உறைத்தது. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

கதவைத் திறந்தால், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். வருஷா வருஷம் ஊதுகிற ஒத்திகைச் சங்குதானே, காலையிலேயே சொன்னேனே என்றாள். சொன்னாள்தான். போர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததில் நான் காதில் வாங்கவில்லை.

"உள்ள போனதுதான் போனீங்க, அப்படியே ரெண்டு டம்ளர் அரிசி எடுத்துட்டு வாங்க."

அதோடு விட்டுவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதுவும் அந்த அரிசிச் சோறுதான்.

நாலாம் நாள் மூட்டைகளில் பாதியைக் குவீன்ஸ்டவுனில் இருக்கும் மச்சான் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். கொலுப் படிகள் பழைய இடத்துக்குத் திரும்பின. நடுவில் இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்பக்கம் இருப்பது உனக்கு என்று அசடு வழிந்தேன். அவள் உட்கார்ந்து பார்த்தாள். காலை நீட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அந்த இரும்புக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் சரிதான். நெஜமாவே சங்கு ஊதினா, கதவ மட்டும் நான் சாத்துறேன்" என்றாள்.