எங்களுக்கு வராத கவர்

அதுக்கா அம்மிணி மூணு நாளா வெளிய தல காட்டாம இருந்த? உம்பையனுக்கு மட்டுமா அந்த வேலையில்லாத நோட்டீசு வந்துச்சு? கூட வேல பாத்தவங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல போன்லயே அனுப்பிப்போட்டாங்களாமா. பெங்களூர்ல இருந்து பையன் ஊடு வந்து சேந்திருக்கறான், நாலு முட்டைய ஊத்திக் குடு. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனா அந்த மாதிரி நோட்டீசுக்காக அழுதவ நானு. வந்துச்சுன்னு இல்ல, வரலன்னு. சிரிக்காத, கேளு.

அப்ப எனக்கு ஏழெட்டு வயசு. எடப்பாடி ரோட்டுமேல ஒரு நூல்மில்லு. இப்ப அது கல்யாண மண்டபம். போன வைகாசில அங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், சாம்பார்ல உப்பே இல்ல. அத வுடு. மில்லுக்குப் பின்னால வேலைக்காரங்களுக்குன்னு வரிசையா பத்து ஊடு. கடைசி ஊடு எங்களுது. எங்கப்பா மில்லு கேட்டுல வாட்ச்மேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ்காரரு ஊடூடா வந்து, மில்ல மூடறாங்கன்னு மஞ்சக் கவரு குடுத்தாரு. ஒன்பது ஊட்டுக்கும் குடுத்தவரு எங்கூட்டுப் படி வரைக்கும் வந்து திரும்பிக்கிட்டாரு. எங்கம்மா அவருக்குன்னு சொம்புல தண்ணியோட நின்னுட்டிருந்தா.

அப்பறம் எந்நேரமும் எந்த ஊர்ல என்ன வேலங்கற பேச்சுத்தான். ஒருத்தரு திருச்செங்கோட்டுக்கு போர்வெல் வண்டிக்கு, ஒருத்தரு குமாரபாளையம் தறிக்குன்னு சட்டிபானையக் கட்டுனாங்க. பக்கத்தூட்டுப் புள்ள, என்கூட அஞ்சாங்கல்லு ஆடறவ, அவங்க திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு. அந்தக் கவரு இருந்தாத்தான் லாரி ஏற வுடுவாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அவ இல்லாம நான் யாரோட ஆடறது?

ஒரு நாள் காலைல கேட்டுல எல்லாரும் கூடி நிக்கறாங்க. ஆபீஸ்காரரு சைக்கிள்ல வந்தாரு. அழுதுக்கிட்டே கேரியரப் புடிச்சுக்கிட்டேன்.

"ஏனுங்க, எங்கப்பாவுக்கும் ஒரு கவரு குடுங்க."

"எதுக்கு சாமி?"

"நாங்களும் போவோணுங்க. எல்லார்த்துக்கும் குடுத்துப்போட்டு எங்களுக்கு மட்டும் இல்லீன்னா ஞாயமுங்களா?"

கூட்டமே சிரிச்சுது. "குடுங்க சார், புள்ள ஆசப்படுதல்ல" அப்படின்னு ஒருத்தரு. பக்கத்தூட்டுப் புள்ளயோட அப்பா மட்டும் சிரிக்கல. தெனமும் எங்கப்பாகூட ஒரே தீப்பெட்டில பீடி பத்த வெக்கறவரு. "உங்கப்பனுக்கு எதுக்குக் கண்ணு கவரு? மூடுன மில்லுக்கும் காவல் வேணுமல்ல" அப்படின்னாரு. எங்கப்பா கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு கீழயே பாத்துட்டு நின்னாரு.

பக்கத்தூட்டுக்காரங்கதான் கடைசி. அவங்க கெளம்பற அன்னிக்கு எங்கம்மா புளிச்சோறு கிண்டி, வாழையெலைல பெரிய பொட்டலமாக் கட்டிக் கொண்டுபோனா. அந்தம்மா வாங்கவுமில்ல, வேண்டாங்கவுமில்ல. கொழந்தையத் தூக்கிட்டு லாரில ஏறிட்டா. பொட்டலம் அவங்க படியிலயே இருந்துச்சு. அந்தப் புள்ள கைய ஆட்டுனா. அவங்கம்மா அந்தக் கையப் புடிச்சு மடில வெச்சுக்கிட்டா.

எங்கப்பா ஒன்பது ஊட்டுக்கும் பூட்டுப் போட்டாரு. நான் தனியா அஞ்சாங்கல்லு ஆடுனேன். வலதுகை நானு, எடதுகை அவ. அவளத்தான் செயிக்க வுட்டேன்.

மத்தியானம் அந்தப் பொட்டலத்த நாங்களே பிரிச்சுத் தின்னோம். எனக்கு ரெண்டு பங்கு. எங்கப்பா எலைல கைய வெச்சாரு, எடுத்துக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. சோறு அவ்வளவு காரமான்னு நான் ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து...

இரு அம்மிணி, மேல டேங்கு ரொம்பி வழியுது. மோட்டார நிறுத்திப்போட்டு வாரேன்.