மூடி திறக்காத மோட்டாரில் மோகனூருக்கு

சேலத்திலிருந்து மோகனூர் நாற்பத்து மூன்று மைல். மோட்டாருக்கு இதெல்லாம் ஒரு தூரமா என்று இளக்காரமாகத்தான் கிளம்பினேன். மேட்டூரில் அணை கட்டி முடித்த புதிது. சென்னைக் கல்லூரியில் என்னோடு படிக்கும் பழனிவேலின் தங்கைக்கு மோகனூரில் கல்யாணம். எனக்காக சேலத்து வியாபாரி ஒருவரின் பழைய மோட்டாரை அமர்த்திக் கொடுத்திருந்தான். ஒரே ஒரு நிபந்தனை: வழியில் புதுச்சத்திரத்தில் அருமைக்காரரை ஏற்றி வர வேண்டும்.

அருமைக்காரர் என்பவர் இந்தப் பக்கத்துக் குடியானவர்களின் கல்யாணத்தை நடத்தி வைப்பவர். அன்று பொழுது இறங்குவதற்குள் அவர் கையால் முகூர்த்தக்கால் நட்டாக வேண்டும். நடாவிட்டால் விடிந்ததும் தாலி கட்ட முடியாது. பழனிவேலின் மானம் என் தலையில்!

பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். டிரைவர் முத்துசாமி சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர். ராசிபுரத்தில் இரண்டணாவுக்கு இரண்டு காப்பி. மூன்று மணிக்குப் புதுச்சத்திரம். அருமைக்காரர் வெள்ளைத் தலைப்பாகையும் கடுக்கனுமாகத் தயாராக நின்றார். பக்கத்தில் ஒரு பனையோலைக் கூடை நிறைய வெல்லம்.

"பின்னாடி வெச்சிரலாமுங்க" என்றார் முத்துசாமி.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இனிப்பு முன்னால போகோணும் சாமி. எங்க வண்டியில நொகத்தடிக்கிட்டதான் கட்டுவோம். கட்டு முன்னால!"

மாட்டு வண்டியில் நுகத்தடி. மோட்டாரில் முன்னால் என்றால் எஞ்சினை மூடியிருக்கும் பானெட். அதன் இடது ஓரத்தில், தாழ்ப்பாளுக்கு நேர்மேலே கூடையை இறுகக் கட்டினார்கள். எங்களில் ஒருவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

இரண்டு மைல் போனோம். மோட்டார் இருமியது, குலுங்கியது, ஒரு புளியமரத்தடியில் செத்துப்போனது. மணி மூன்றரை. நாமக்கல்லுக்கு இன்னும் ஏழு மைல், அதற்கப்பால் மோகனூர் பதினொன்று. எந்த மாட்டு வண்டியைப் பிடித்தாலும் பொழுதோடு போய்ச் சேராது.

"பெட்ரோல் குழாயில தூசி அடைச்சிருக்கும். ஊதிவிட்டா போச்சு" என்று முத்துசாமி கூடையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு இடது பக்கத் தாழ்ப்பாளைத் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். நானும் சேர்ந்து தொங்கினேன். ஊஹூம். வலது பக்கம் சுளுவாகத் திறந்தது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து குழாய்க்குக் கை எட்டவில்லை.

"கடப்பாரை கொடுங்கய்யா, நெம்பிப் பிய்த்துவிடுகிறேன்!" என்றேன்.

"நீங்க பிச்சுட்டு மெட்ராசுக்கு ரயில் ஏறிடுவீங்க தம்பி. எங்க மொதலாளி என் தோலை உரிப்பாரு!"

"ஏனுங்க தம்பி, காலேஜில இதெல்லாம் சொல்லித் தரலீங்களா?" என்று கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார் அருமைக்காரர்.

"ஷெல்லியின் பாட்டும் பாஸ்வெல்லின் உரைநடையும்... அட, அதை விடுங்கள், மாட்டு வண்டியில் கட்டுகிற மாதிரி மோட்டாரில் மூட்டை கட்டச் சொல்லித் தரவில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். முத்துசாமி சிரிக்கவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார், மரக்கட்டையால் தட்டிப் பார்த்தார். அரை மணி ஓடிவிட்டது. சலித்துப்போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: புளியமரத்திலிருந்து ஓர் எறும்புச் சாரை, டயர் வழியாக, மட்கார்டு வழியாக, நேரே தாழ்ப்பாளின் இடுக்குக்கு!

விரலால் தொட்டு நக்கினேன். தித்திப்பு!

"வெல்லம்யா வெல்லம்! எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே இறங்கி, கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது!"

அருமைக்காரர் எழுந்து கூடையைச் சாய்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பாகு. "அட, என்ற கூடையே!" என்றார். "எண்ணெய்க்கு இது அசையுமா? சுடுதண்ணி ஊத்து சாமி, எளகீரும்."

பொட்டல் காட்டில் அடுப்புக்கு எங்கே போவது? முத்துசாமியும் நானும் ஒரே சமயத்தில் ரேடியேட்டரைப் பார்த்தோம். அடியில் இருந்த குழாயைத் திறந்து, அருமைக்காரரின் செம்பில் கொதிதண்ணீரைப் பிடித்தோம். முதல் செம்புக்குப் பழுப்பாக வழிந்தது. இரண்டாவதற்கு எறும்புகள் மிதந்தன. மூன்றாவது ஊற்றிவிட்டு முத்துசாமி திருகினார். 'டக்'! நான் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன.

முத்துசாமி பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதித் துப்பினார். ரேடியேட்டரை நிரப்ப, இரண்டு பர்லாங் தள்ளியிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து நான் தண்ணீர் சுமந்தேன். எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றிய மூன்றாம் சுற்றில் அது உறுமியது. அப்புறம் அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! நாமக்கல் மலைக்கோட்டை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மோகனூரில் காவிரிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன் தொங்கிக்கொண்டிருந்தது. பந்தல் வாசலில் பழனிவேல் முகம் வெளுத்து நின்றான். அருமைக்காரர் இறங்கிய வேகத்தில் கால் கழுவி, வெளிச்சம் இருக்கும்போதே முகூர்த்தக்காலை நட்டார். குலவையிட்டார்கள். பெண்ணின் அம்மா கூடையை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பாதி வெல்லத்தைக் காணோம்?" என்றாள்.

"மோட்டாரும் கல்யாணத்துக்குத்தானே அம்மிணி வந்துது? அதும் தின்னுச்சு."

மறுநாள் தாலி கட்டி முடிந்து, வாழையிலையில் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். எங்கள் சென்னையில் கல்யாணத்துக்குப் போனால் சட்டை கசங்காமல் திரும்புவேன். இங்கே முழங்கை வரை வெல்லமும் எண்ணெயும். இருந்தும் பிரிய மனமில்லை. பெண் வீட்டார் அருமைக்காரருக்குப் புதிதாக ஒரு கூடை வெல்லம் கொடுத்திருந்தார்கள். முத்துசாமி பதறிப்போய் பானெட்டின் குறுக்கே இரு கைகளையும் விரித்து நின்றார்.

அருமைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பின்சீட்டுக்கு விரட்டிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பவும் முன்னாலதான் போகுது. எடு சாமி, வண்டிய!"