வேப்பங்கொத்து எண்ணும் ஜெயக்கொடி

என் அக்கா ஜெயக்கொடிக்குக் கால்நடைத் துறையில் தற்காலிக வேலை. பரவையைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்த மாட்டுக்கு, எந்த ஆட்டுக்குப் புதிதாக வைரஸ் நோய் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஊரில் அவளை டாக்டரம்மா என்பார்கள். அவள் டாக்டர் இல்லை என்று நான்தான் வீடு வீடாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பத்தாவதோடு நான் படிப்பை நிறுத்தியபோது "சரி" என்று ஒரே சொல்தான் சொன்னாள். ஆனால் ஆண்டிச்சாமி மாமாவின் கிடாரி ஒரு வேளை தவிடு குடிக்கவில்லையென்றால் மூன்று முறை போன் போடுவாள். "கண்ணுல தண்ணி வருதா மாமா?" எனக்கும்தான் வந்தது. யார் கேட்டார்கள்?

மாட்டின் தோலில் கட்டி கட்டியாக வரும் கழலை நோயை எங்கள் பக்கம் அம்மை என்பார்கள். ஆத்தா வந்திருக்கையில் ஊசி கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. மாட்டுக் கொட்டத்து வாசலில் வேப்பங்கொத்து கட்டிவிடுவார்கள். கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் அக்கா கேட்பதே இல்லை. வண்டியில் மெதுவாகப் போய்க் கொத்துகளை எண்ணுவாள். கொத்து இருக்கும் தெருவைச் சுற்றி, நோய் வராத மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள்.

இது தெரிந்த பிறகு என் கை சும்மா இருக்குமா? ஒரு விடியலில் எங்கள் தெருவில் ஆறு கொட்டங்களில் கொத்துக் கட்டினேன். கட்டியிருப்பதை அவிழ்க்க எவருக்குத் துணிச்சல் வரும்? டாக்டரம்மா அசடு வழிவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

"வடக்குப்பட்டிக்குப் போற ஊசிய இங்க திருப்பச் சொல்லிட்டேன். இம்புட்டு வேகமாப் பரவுதே" என்று சாப்பிடாமல் கிளம்பினாள். வடக்குப்பட்டியில் நிஜமாகவே கன்றுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றேன்.

"அக்கா, நான்தான் கட்டுனேன்."

"எத்தனை?"

"ஆறு."

அடிப்பாள் என்று குனிந்தேன். அவள் போனை எடுத்து, ஊசி வண்டி வடக்குப்பட்டிக்கே போகட்டும் என்றாள். பிறகு, "நட. ஒவ்வொண்ணா அவுத்து, அவுககிட்டயே சொல்லு."

ஆறு வீட்டு வசவையும் வாங்கினேன். தெருக்கோடியில் ஏழாவதாக ஒரு கொத்து தொங்கியது. சத்தியமாக அது என் வேலை இல்லை. கை வைத்ததும் நல்லகாமன் பெரியப்பா குறுக்கே வந்தார்.

"அத நான் கட்டுனேன்த்தா. பால் வாங்கமாட்டாகன்னு நாலு நாளா மறைச்சேன். தெருவே கட்டியிருக்கவும், நமக்கு மட்டும் என்ன வெக்கம்னு..."

அக்கா செருப்பைக் கழற்றினாள். "ஆத்தாவுக்குக் குத்தம் வராமப் பாத்துக்கிறேன் பெரியப்பா." அவர் விலகி வழிவிட்டார்.

கழுத்தெல்லாம் கட்டியாக நின்ற பசுவின் முகத்தைக் கையுறை போட்ட கைகளால் தாங்கிக்கொண்டாள். "எம்புட்டு வலிக்குதுடா தங்கம்?" என்னை அவள் அப்படிக் கூப்பிட்டு எட்டு வருஷம் இருக்கும்.

ரத்தம் எடுத்தாள். எங்கள் தெருவுக்கும் கொஞ்சம் ஊசி கேட்டுப் போனில் கெஞ்சினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "பசுகிட்ட நிக்கிற கன்னுக்குட்டிய அங்கிட்டுப் போய்க் கட்டுடி. ஒட்டிக்கிரும்."

கன்று நகரமாட்டேன் என்று காலை ஊன்றியது. இதையெல்லாம் நான் தங்கம் என்று கொஞ்சமாட்டேன் என்றுதான் கயிற்றைப் பிடித்தேன். பாதித் தூரத்திலேயே கொஞ்சிவிட்டேன்.