மாமா தரையில் காது வைத்த மத்தியானம்

நகரியில் எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒன்றுதான். முன்னால் பவர்லூம் தறிகள், பின்னால் சமையலறை, நடுவில் நாங்கள். கரண்ட் இருக்கும்வரை தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். சொம்புத் தண்ணீரில் எந்நேரமும் வட்ட வட்டமாக அலை ஓடும். அதனால் பள்ளிக்கூடத்தில் பூகம்பப் பாடம் நடந்தபோது, பூமி ஆடினால் எங்கள் வீட்டுக்கு அது எப்படித் தெரியும் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

வகுப்பில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற பெண் நான். ஆனால் அந்தப் பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் மத்தியானச் சமையல் வேளையில் பூமி ஆடி, அடுப்பு நெருப்பில் ஊரே எரிந்ததாம். லிஸ்பன் என்ற ஊரில் பண்டிகை நாளன்று சர்ச்சுக்குப் போனவர்கள் மேல் கூரை விழுந்ததாம்; தப்பித்துக் கரைக்கு ஓடியவர்களைக் கடல் கொண்டுபோனதாம். சாயங்காலம் நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டே, “நம்ம ஊட்டுக்கு வந்தா, அதுதான் நம்மளப் பாத்து பயப்படணும்” என்றார்.

அம்மாவின் தம்பி அப்போது ஷோலாப்பூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒருநாள் விடியுமுன் பூமி அதிர்ந்து, கல் வீடுகள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. அவர் வேலை செய்த இடத்திலிருந்து ஆட்கள் லாரி ஏறி, இடிபாடு அள்ளப் போனார்கள். மாமாவும் போனார். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடப் புத்தகத்தில் இருந்த ஒன்று நேராக வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறது. பூமி பிளந்ததா, உள்ளேயிருந்து புகை வந்ததா, நாய்களுக்கு முன்கூட்டியே தெரிந்ததா என்று அவரை விடாமல் துளைத்தேன். “ம்” என்பார். இல்லாவிட்டால் தறிக்குப் போய்விடுவார்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. தறி ஓடுகிறவரை மாமா எல்லாரையும் போலத்தான் இருந்தார். கரண்ட் போய் எல்லாத் தறியும் நின்றுவிட்டால், பேசாதீர்கள் என்பதுபோல ஒரு கையை உயரத் தூக்குவார். அப்படியே குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்துக்கொள்வார். கரண்ட் வரும்வரை எழமாட்டார். பூமிக்கு ஃபோன் போடுகிறார் என்று தெருவில் சிரித்தார்கள். அடுத்த பூகம்பம் வருகிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்திருக்கிறேன். என் காதுக்குள் விண்ணென்று ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அவருடைய கல்யாணக் கவலை. விஷயம் காதில் விழுந்து ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. இப்போது புத்தூரிலிருந்து பெண்ணின் அம்மா மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் மத்தியானம் தவறாமல் கரண்ட் போகும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே காபி கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். நல்ல திட்டம்தான். வந்தவர்கள் காலை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்கள்.

வந்தது இரண்டு பேர். பெண்ணின் அம்மா கனத்த குரலுள்ளவர். தறிச் சத்தத்தையும் மீறி எங்கள் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தார். கூட அவருடைய அண்ணன். அம்மா காபித் தட்டை நீட்டினாள். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மாமா கையைத் தூக்கினார். புதுச் சட்டையோடு தரையில் படுத்தார். நான் வழக்கம்போல ஓடிப்போய் அவர் பக்கத்தில் படுத்தேன். அந்த அண்ணன் சிரித்துவிட்டார். “இன்னா தங்கச்சி, மாப்ளைக்கு வலிப்பா?”

“செத்த சும்மா இரு,” என்றார் பெண்ணின் அம்மா. நாற்காலியை விட்டு இறங்கி மாமாவின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அந்தக் குரல் அவ்வளவு தணியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “இன்னாப்பா கேக்குது?”

இத்தனை மாதத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. நான்கூடப் புகையையும் நாயையும்தான் கேட்டிருந்தேன்.

மாமா காதை எடுக்காமலே பேசினார். “அங்க அடியில ஒரு பொண்ணு தட்டிக்கினே இருந்திச்சிமா. மண்ணு அள்ற வண்டி சத்தத்துல சரியா புரியல. வண்டிய நிறுத்த சொல்லி படுத்து கேட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுச்சி. அப்புறம் கேக்கல.”

எனக்கு மட்டும் ஆவல் அடங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டேன். மாமா முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“உன்னாட்டம்தான் இருக்கும்.”

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வளர்ந்த பெண்ணை, வந்தவர்கள் எதிரில். வலிக்கிற மாதிரி இறுக்கினாள். நான் வெட்கத்தில் நெளிந்தேன்.

பெண்ணின் அம்மா எழுந்து, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். “வாய் நீளமான மாப்ளைங்கள நெறைய பாத்துட்டேன். நல்ல நாள் பாருங்க, தட்டு மாத்திக்கலாம்” என்று நைனாவிடம் சொன்னார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கல்யாணப் பேச்சு பெரிதாகப் படவில்லை. அம்மாவின் பிடியிலிருந்து தலையை நீட்டி, “அப்புறம் அந்தப் பொண்ண வெளிய எடுத்துட்டாங்களா மாமா?” என்று கேட்டேன். அதே நேரம் கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்தன. மாமா எழுந்து தறிப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சத்தத்தில் என் கேள்வி அவர் காதில் விழவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.