அல்வாக்கடை அண்ணாச்சியின் பாட்டில்

உலகத்தில் எந்தத் தொழிலுக்கும் ஒரு மரியாதை உண்டு. மூத்திரம் சோதிக்கிற தொழிலுக்கு மட்டும் அந்த மரியாதை வாசப்படியோடு நின்றுவிடும். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் தென்காசியில் ஒரு டாக்டரிடம் நான் பார்த்தது அந்த வேலைதான். ஒரு ஸ்பிரிட் விளக்கு, கொஞ்சம் கண்ணாடிக் குழாய்கள், ஒரு ஜாடி நிறைய நீல மருந்து. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். அந்த நீல மருந்தில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லாதவருக்கு நீலம் நீலமாகவே நிற்கும். லேசாக இருந்தால் பச்சை. கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு. தாறுமாறாக இருந்தால் செங்கல் நிறம்.

நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வெள்ளைச் சேலை கட்டியிருந்த பாவத்துக்கு எல்லாருக்கும் நான் ‘நர்ஸம்மா’. பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, பைக்குள் போட்டு, பையைத் துண்டால் மூடிக்கொண்டு நடக்கும்போது எதிரே சம்பந்தி வந்துவிட, ‘சும்மா இங்கன ஒரு சோலி’ என்று சொல்லித் தப்பித்தவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தேன் பாட்டில்

சிவகிரிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தார். ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. ‘கொஞ்சம் அலுப்பா இருக்கு’ என்பதற்கு மேல் ஒரு குறையும் இல்லை. டாக்டர் எதற்கும் சோதித்துவிடலாம் என்றார். மறுநாள் அவர் கொண்டுவந்ததைக் கொதிக்க வைத்தேன். கொதி வருவதற்குள்ளேயே செங்கல் நிறம்! மனுஷன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி மாட்டை யாருக்குக் கொடுப்பது, மகள் கல்யாணத்தை யார் நடத்துவது என்று அங்கே காத்திருந்தவர்களிடமே யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் என்னமோ பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. “இது என்ன பாட்டில் ஓய்?” என்றார். குற்றாலத்தில் மலைத்தேன் வாங்கிய பாட்டிலாம். மிச்சத் தேனைக் கழுவிக் கொட்ட மனசு வரவில்லையாம். நல்ல பாட்டில் ஒன்று கொடுத்து மறுபடி பிடித்து வரச் சொன்னேன். சுத்த நீலம். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்பம் சர்க்கரை வியாதி தேனுக்குத்தானா நர்ஸம்மா?”

சுட்டதே தெரியவில்லை

வேலாயுதம் அண்ணாச்சிக்குக் கடைத்தெருவில் அல்வாக்கடை. நல்ல பாரியான ஆள். சிரித்தால் தொந்தியும் சேர்ந்து சிரிக்கும். அடுப்புக் கங்கு ஒன்று காலடியில் விழுந்ததைத் தெரியாமல் மிதித்துக்கொண்டே அல்வா கிண்டியிருக்கிறார். “சுட்டது தெரியலை டாக்டரய்யா. நாத்தம் வந்த பொறவுதான் குனிஞ்சு பாத்தேன்” என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கால் பெருவிரல் வெந்து புண்ணாகியிருந்தது. டாக்டர் ஊசி முனையால் பெருவிரலைத் தொட்டுத் தொட்டு, “தெரியுதா? தெரியுதா?” என்று கேட்க, அண்ணாச்சி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு “எது?” என்றார். என் குழாயில் செங்கல் நிறம் வந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். அண்ணாச்சியின் அப்பாவுக்கும் இந்த நோய் இருந்திருக்கிறது, உடம்பும் கனம், நடை என்பதே கிடையாது. சர்க்கரை ரொம்ப நாளாகவே ஏறிக் கிடந்து கால் நரம்பை மரத்துப்போக வைத்திருக்கிறது. இனி வெறுங்காலோடு நிற்கவே கூடாது. “அடுப்படியில செருப்புப் போட்டா லட்சுமி போயிருவா” என்றார் அண்ணாச்சி. “விரல் போனாப் பரவாயில்லையா?” என்றார் டாக்டர். சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது. ஆறாவிட்டால் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விரலை எடுக்க வேண்டியதுதான். அப்போதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. இருக்கிற ஒரே வித்தை அல்வா கிண்டுவது. அல்வாத் துடுப்புப் பிடிக்கிறவனுக்குப் பலமே காலில்தான். “பெருவிரல் இல்லைன்னா நான் எங்கன ஊணி நின்னு துடுப்புப் போட, டாக்டரய்யா?”

பதம் யார் பார்ப்பது?

மாத்திரை கொடுத்தாயிற்று, புண்ணுக்குக் கட்டுப் போட்டாயிற்று. இனிப்பு கூடாது என்றதும் அடுத்த வழக்கு ஆரம்பித்தது. வாயில் போடாமல் அல்வாவுக்குப் பதம் பார்க்க முடியாதாம். ஒரு விள்ளல்? கூடாது. அரை விள்ளல்? கூடாது. நாக்கில் தொட்டுவிட்டுத் துப்பிவிட்டால்? டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். கடைசியில் அண்ணாச்சியே ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி கோமதி மதினி இனிமேல் பதம் பார்ப்பார்.

அடுத்த தடவை வெற்றி வீரர் மாதிரி வந்தார். என் குழாய் அதே செங்கல் நிறத்தில் சிரித்தது. கிளறிக் கேட்டால், அல்வாவில் வாய் வைக்கவில்லைதான். காலையில் கருப்பட்டிக் காப்பி, மத்தியானம் பாயசம், சாயங்காலம் கோவில் பஞ்சாமிர்தம். மதினிக்கும் அவரைப் பட்டினி போட மனசில்லை. கேட்பதற்கு முன்னாலேயே இலையில் விழுந்துவிடும். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. “அல்வாவை விடச் சொன்னிய, விட்டுட்டேன். பஞ்சாமிர்தம் சாமி கொடுக்கது, அதுல நீங்க தலையிடப்பிடாது!”

குதிரை நடந்தது

ஆனி மாதம் சாரல் விழுந்ததும் தென்காசிக்காரர்களுக்குப் பாதி நோய் போய்விடும். போனதாக நினைப்பு. டாக்டர் அண்ணாச்சியை நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு தினமும் மெல்ல நடக்கச் சொல்லியிருந்தார். ஒருநாள் தலை ஈரத்தோடு வந்து, தினமும் குற்றாலம் போய்வருவதாக மார்தட்டினார். மூலிகைத் தண்ணீர் சர்க்கரையை அடித்துக்கொண்டு போய்விடுமாம். டாக்டர் ஆசையாக, “நடந்தா போறீரு?” என்று கேட்டார். “குதிரை வண்டியில” என்றார் அண்ணாச்சி. “அப்பம் நடந்தது குதிரை” என்றார் டாக்டர்.

கட்டை அவிழ்த்துப் பார்த்தால், வெறுங்காலோடு பாறையில் நின்று புண் நனைந்து ஊறிப்போய் இருந்தது. டாக்டருக்கு வந்ததே கோபம்! சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டிய புண் என்று கத்தினார். குளித்துவிட்டு என்னத்தைத் தின்றீர் என்றார். சுடச்சுட பஜ்ஜி, வாழைக்காய் வறுவல், வரும் வழியில் மாம்பழம். அடுத்த தடவை பச்சையாவது வராவிட்டால் பாளையங்கோட்டைக்குக் கடிதம் எழுதிவிடுவேன் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி பாவமாக முனகினார்: “நான் திங்கல டாக்டரய்யா, அருவி திங்க வச்சிட்டுது.”

அன்றைக்கு வந்த பாட்டில்

அந்த அடுத்த தடவையும் வந்தது. அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார். “இன்னைக்குப் பச்சை இல்ல நர்ஸம்மா, நீலம்தான் வரும். பாத்துக்கிடுங்க” என்று பாட்டிலை மேசையில் வைத்தார். எனக்கும் சந்தோஷம். உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டேதான் குழாயைச் சூட்டில் பிடித்தேன். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, ஆரஞ்சு வந்தது, நிற்காமல் ஓடிப்போய்ச் செங்கல் நிறத்தில் நின்றது.

“இன்னொரு மட்டம் பாருங்க” என்றார். குரலே மாறிவிட்டது. குழாயை நன்றாகக் கழுவி மறுபடி பார்த்தேன். அதேதான். டாக்டர் கடிதத்துக்குக் காகிதத்தை எடுத்தார். விரலுக்காக அழப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணாச்சி எழுந்து போய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “என் விரலை எடுத்துக்கிடுங்க டாக்டரய்யா, அது போனாப் போவுது. இந்தப் பாட்டில் என்னது இல்ல. கோமதிக்குள்ளது.”

கோமதி மதினி

மதினிக்கு எதுவும் இருக்காது என்ற தைரியத்தில், அண்ணாச்சி அவரிடமே உண்மையைச் சொல்லாமல், ‘டாக்டர் ரெண்டு பேருக்கும் பாக்கணுங்காரு’ என்று பொய் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். உடனே ஆள் அனுப்பினோம். மதினி வந்து உட்கார்ந்ததும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். எனக்குச் சொரேர் என்றது. தாகம் ரொம்ப நாளாக இருக்கிறதாம், உடம்பு அசதியாம். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அவர் அம்மாவும் ஆறாத புண்ணோடுதான் போனாராம். அதற்கு அப்போது யாரும் பேர் சொல்லவில்லை.

அண்ணாச்சி, “என்னாலதான், பதம் பாக்கச் சொன்னது நான்தான்” என்று தலையிலடித்துக்கொண்டார். அது மட்டும் காரணம் இல்லை என்றார் டாக்டர்: தாய்வழியில் இருக்கிறது, வயதும் உடம்பும் ஏறிவிட்டது, கல்லாவை விட்டு எழுந்திருப்பதே இல்லை. காலுக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகும் முன்பே தெரிந்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார். “அழுதது போதும், எந்திங்க. இன்னையிலேருந்து எனக்கு என்ன சோறோ அதுதான் உங்களுக்கும். அருவியும் கெடையாது, குதிரையும் கெடையாது!”

தீபாவளிக்கு முன்னால்

அதற்கப்புறம் தென்காசியே ஒரு வேடிக்கை பார்த்தது. விடிந்ததும் குற்றாலம் ரோட்டில் மதினி முன்னே, அண்ணாச்சி பின்னே. புண் ஆறும்வரை அவரை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு மதினி மட்டும் நடப்பார். அவர் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் போகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும் பாகற்காயும். அடுப்படிக்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு. அதற்கு மதினியே சந்தனம் குங்குமம் வைத்து லட்சுமியிடம் அனுமதி வாங்கிவிட்டார். அண்ணாச்சியுடைய குழாய் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்து, பச்சைக்கு வந்தது. மதினியுடையது ஒருநாள் நீலமாகவே நின்றது. அண்ணாச்சியின் விரலில் புதுத் தோல் மூடியிருந்ததை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

தீபாவளி நெருங்கியது. இப்போது பதம் பார்க்க இரண்டு பேருக்குமே உரிமை இல்லை. ஒரு சாயங்காலம் இருவரும் வாழை இலைப் பொட்டலத்தோடு வந்தார்கள். “நர்ஸம்மா, இதையும் சோதிச்சுச் சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி. இலை பூரா நெய் மினுங்க, சூடான அல்வா. வாயில் போட்டேன், தொண்டைக்கு அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. பதம் சரி என்றேன். டாக்டர் ஒரு விள்ளல் எடுத்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று இன்னொன்று எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீளும்போது மதினி பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பதம் பாக்க ஒரு விள்ளல் போதும் டாக்டரய்யா. நாளைக்கு உங்க பாட்டிலையும் நர்ஸம்மாகிட்ட கொடுத்துருங்க.”

ஒரு சர்க்கரைக்காரரை வழிக்குக் கொண்டுவர நல்ல டாக்டர் ஒருவர் மட்டும் போதாது, அதே அடுக்களையில் இன்னொரு சர்க்கரைக்காரரும் வேண்டியிருக்கிறது என்பதுதான் அத்தனை பாட்டிலையும் கொதிக்க வைத்து நான் கண்டுபிடித்த ஒரே உண்மை.