ஒரே லேப்டாப்பில் தனிக்குடித்தனம்

கலைச்செல்வி ஒன்றை முடியும் என்று சொல்லிவிட்டால் முடித்துவிடுவாள். தாராவியில் அவள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வார்கள்.

அவள் கணவன் பேச்சிராஜா கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறவன். கேமும் ஆடலாம் என்று, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள பெரிய கேமிங் லேப்டாப்பாகப் பார்த்து வாங்கினான். அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் நாளெல்லாம் அது சும்மா கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் ஏஐ மாடல்களுக்குத் தமிழ் பழக்கும் வேலை அவளுக்கு வீட்டிலிருந்தபடியே கிடைத்திருந்தது. அதற்கு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வேண்டும், அந்தக் கார்டும் வேண்டும். அவனிடம் டிஸ்கில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸைக் குடிவைத்தாள்.

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுப்பால்லா இருக்கு" என்று மாமியார் முப்பிடாதியம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

லினக்ஸில் கார்டு வேலை செய்ய மறுத்தது. அதன் டிரைவரைத் தடுப்பது, அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றவிடாத செக்யூர் பூட் என்ற காவல்தான் என்று கண்டுபிடித்து, ஒரு நாள் காலையில் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் அதை அணைத்தாள். கார்டு ஓடியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் பேச்சிராஜா விண்டோஸைத் திறந்தான். நீலத் திரை வந்து மீட்புச் சாவி எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றது. சுனாபட்டி கல்யாண வீடியோ முழுக்க உள்ளே இருந்தது. சாயங்காலம் ரிசப்ஷனில் அதைப் போட்டாக வேண்டும்.

"ஏட்டி, அழிச்சிட்டியா?"

"ஒண்ணும் அழியல. பூட்டிக்கிட்டு நிக்கி. சாவி எண் யார் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுல இருக்கு?"

பேச்சிராஜா தலையைச் சொறிந்தான். "லேப்டாப் வித்த கடைக்காரன் மெயில் ஐடி கேட்டான். எனக்கு பாஸ்வேர்டு ஞாபகம் வரல. சல்தா ஹை, பரவாயில்லன்னு அவன் அக்கவுண்டுலயே போட்டுக் குடுத்துட்டான்."

கடைக்காரனின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

"எல்லாம் உன் லினக்ஸால வந்தது. தூக்கிப் போடு அத. இனி இதுல அது வேண்டாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. லினக்ஸ் போனால் வேலையும் போகும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு இப்போது நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

"அதத் தூக்கினாலும் பூட்டு திறக்காது. நகருங்க."

காலையில் அவள் மாற்றியது ஒன்றே ஒன்று. அந்த மாற்றத்தைக் கண்டுதான் விண்டோஸ் யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டிருக்கிறது. பழையபடி வைத்தால் சந்தேகம் தீர வேண்டும். மறுபடி பயாஸுக்குள் போய்ச் செக்யூர் பூட்டை ஆன் செய்தாள். விண்டோஸ் எந்தச் சாவியும் கேட்காமல் திறந்தது.

பேச்சிராஜா மூச்சு விட்டான். அவன் வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றி முடித்ததும், அவள் திறந்த விண்டோஸுக்குள்ளிருந்தே சாவி எண்ணை எடுத்துத் தன் போனில் சேமித்துக்கொண்டாள்.

"செக்யூர் பூட்ட அணைக்காமலே கார்டு ஓட வழி இருக்கு. நாளைக்குச் செஞ்சிருவேன்."

"அப்ப லினக்ஸு போகாதா?"

"போகாது. இருக்குற இடமும் பத்தல. இன்னும் நூறு ஜிபி வேணும்."

ரிசப்ஷனுக்கு நேரமாகிவிட்டது. "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவன் சந்து முனை திரும்புவதற்குள் அவள் டிஸ்கில் தன் பங்கைப் பெரிதாக்கத் தொடங்கியிருந்தாள்.